மதிலுக்குள் வந்த கடல்

நேப்பிள்ஸின் பழைய நகரத்தில் நுழைந்ததும் முதலில் வந்து மோதுவது சத்தம். ஒரு கார் நுழைந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலத்தில் தெரு. அதில் ஸ்கூட்டரும் நாயும் குழந்தைத் தள்ளுவண்டியும் ஒன்றையொன்று உரசாமல் போய்க்கொண்டே இருக்கும். இருபுறமும் ஐந்தாறு மாடி, மாடிக்கு மாடி கொடியில் துணி. உச்சி வெயிலும் பல இடங்களில் தரையைத் தொடுவதில்லை. கிரேக்கர்கள் போட்ட தெருக்கள் இவை. இரண்டாயிரம் ஆண்டுகள் தாண்டியும் ஊர் அதே கோட்டில்தான் நடமாடுகிறது.

இந்த நெரிசலுக்கு நடுவே திடீரென்று ஜன்னலே இல்லாத நெடுஞ்சுவர் ஒன்று வரும். கடை இருக்காது, வாசல் இருக்காது. நூறடி, இருநூறடி அப்படியே போகும்.

“ஏண்டி, இவ்வளவு பெரிய சுவருக்கு ஒரு ஜன்னல்கூட வைக்க மாட்டாங்களா?” என்று சித்தி கேட்டார்.

“மடத்துச் சுவர் சித்தி. ஜன்னல் வைக்கக் கூடாதுன்னுதான் கட்டினாங்க.”

சித்திக்கு அது பிடிபடவில்லை. பாளையங்கோட்டையில் கன்னியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவர் அவர். கன்னியர் மடம் என்றால் நம் ஊரில் பள்ளிக்கூட மணி, மருந்து வாசனை, பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து ஜெபமாலை உருட்டும் சிஸ்டர். ஊருக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள்தான் நமக்குத் தெரிந்த கன்னியர். அந்த வகைச் சபைகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. அதற்கு முந்தைய ஐரோப்பாவில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த பெண் மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்பதே விதி. 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் இதை எல்லாப் பெண் துறவியருக்கும் பொதுச் சட்டமாக்கினார். நாளடைவில் நெகிழ்ந்துபோன அந்தச் சட்டத்தை 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் மறுபடி இறுக்கியது. நேப்பிள்ஸின் பழைய மதில்களில் பல அந்த இறுக்கத்தோடு உயர்ந்தவை.

அந்த மதில்களில் ஒன்றுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம். சாந்தா கியாரா மடம். புனித கிளாராவின் பெயரால் எழுந்த இடம்.

ஜெசு நுவோவோ சதுக்கத்தில் நின்றால் எதிரெதிரே இரண்டு கோவில்கள். ஒன்றின் முகப்பு முழுக்கக் கூர்கூராகச் செதுக்கிய கருங்கற்கள். அது இயேசு சபையாரின் ஆலயம். எதிரே மஞ்சள் கல்லில் எந்த அலங்காரமும் இல்லாமல் எழுந்து நிற்பது சாந்தா கியாரா. 1310-இல் நேப்பிள்ஸ் மன்னர் ரொபெர்த்தோவும் அவர் மனைவி சாஞ்சா அரசியும் தொடங்கிய கட்டடம். ஒரே வளாகத்தில் இரண்டு மடங்கள்: ஒன்றில் கிளாரா சபைப் பெண்கள், மற்றதில் அவர்களுக்குப் பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பிரான்சிஸ்கன் துறவிகள்.

இந்த இடத்தின் உண்மையான உந்துதல் சாஞ்சாதான் என்று நினைக்கிறேன். மயோர்க்கா அரச குலத்துப் பெண். அரசியாக இருந்துகொண்டே மணவாழ்வைத் துறந்து கன்னியாஸ்திரீ ஆக அனுமதி கேட்டுத் திருத்தந்தைக்கு எழுதினார். அனுமதி கிடைக்கவில்லை. தாம் நுழைய முடியாத வாழ்க்கைக்கு ஒரு வீடு கட்டினார். 1343-இல் கணவர் இறந்த பிறகு, தாமே நிறுவிய சாந்தா குரோச்சே என்ற இன்னொரு மடத்தில் கிளாரா சபை உடையை அணிந்தார். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு போலத்தான் உயிரோடிருந்தார். சாந்தா கியாராவில் பீடத்துக்குப் பின்னால் ரொபெர்த்தோவின் கல்லறை மாடம் எழும்பி நிற்கிறது. ஃபுளோரன்ஸ் நகரத்துச் சிற்பிகளான பெர்த்தீனி சகோதரர்கள் செய்தது. மேலே அரசராக அரியணையில் அமர்ந்திருக்கும் அதே மனிதர் கீழே பிரான்சிஸ்கன் துறவியின் உடையில் படுத்திருக்கிறார்.

கோவிலுக்குள் வெறுமை. நீண்டு உயர்ந்த ஒற்றை மண்டபம். சுவரில் ஓவியம் இல்லை, தங்கப் பூச்சு இல்லை. நேப்பிள்ஸின் மற்ற கோவில்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோவிலும் பளிங்கும் சுதைவேலையும் கூரை ஓவியங்களுமாக நிறைந்துதான் இருந்தது. 1943 ஆகஸ்ட் 4 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் கோவில் தீப்பிடித்தது. கூரை இடிந்து விழுந்தது. அலங்காரம் அத்தனையும் போயிற்று. போர் முடிந்து பழுதுபார்க்க வந்தவர்கள் எரிந்ததை மறுபடி செய்து ஒட்டவில்லை. தீ விட்டுவைத்திருந்த நடுக்காலத்துச் சுவர்களைச் சுத்தப்படுத்தி, சாஞ்சாவின் காலத்துக் கோவிலையே வெளியே கொண்டுவந்தார்கள். 1953-இல் மறுபடி திறந்தார்கள். அந்த முடிவு சரியானது. போலித் தங்கத்தைவிட அந்தக் கல் நேர்மையாக இருக்கிறது.

ரொபெர்த்தோவின் கல்லறைச் சுவருக்கு அப்பால் கன்னியர் ஜெபித்த கூடம் இருக்கிறது. மக்கள் நிற்கும் மண்டபம் இந்தப் பக்கம், நடுவே பீடம், பீடத்துக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் அவர்கள். சுவரில் கம்பி போட்ட திறப்புகள். அவற்றின் வழியாகத்தான் அவர்கள் பூசை கண்டார்கள். குரு நற்கருணையை உயர்த்துகிற அந்தக் கணத்தைக் கம்பிக்கு இடையில் பார்ப்பதுதான் அவர்கள் நாளின் உச்சம். அந்தக் கூடத்துச் சுவர்களில் ஒரு காலத்தில் ஓவியர் ஜோத்தோவும் அவர் ஆட்களும் ஓவியம் தீட்டியிருந்தார்கள். சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன.

இங்கே நிற்கும்போது கிளாராவைப் பற்றிய ஒரு கதை நினைவுக்கு வந்தது. அசிசியில் செல்வர் வீட்டில் பிறந்து, 1212-இல் குருத்து ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வெளியேறி புனித பிரான்சிஸிடம் போய்ச் சேர்ந்த பெண் அவர். முதிர்ந்த வயதில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு நோயில் படுத்த படுக்கையாக இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கோவிலுக்குப் போய்விட, தனியே கிடந்த அவருக்குத் தூரத்தில் நடந்த வழிபாடு அப்படியே கண்முன் தெரிந்தது, காதில் கேட்டது என்பார்கள். இதை வைத்துத்தான் 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். சித்தியிடம் சொன்னேன். “டிவிக்கா?” என்று ஒரு நிமிடம் யோசித்தார். “சரிதானே. வெளியே போக முடியாதவங்களுக்குத்தானே அது வேணும்.”

அந்த வார்த்தையோடுதான் தோட்டத்துக்குள் போனேன்.

கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் நடந்து மணிக்கூண்டைத் தாண்டிப் பின்பக்கம் போனால் தோட்டத்துக்கான வழி. டிக்கெட் வாங்கிக் கொண்டு நுழைந்தால் முதலில் வருவது நாற்புறமும் சுற்றி ஓடும் தாழ்வாரம். வளைவு வளைவாக 14-ஆம் நூற்றாண்டுக் கல் வேலை. உட்சுவரில் பிற்காலத்து ஓவியங்கள், புனிதர்களும் பழைய ஏற்பாட்டுக் கதைகளும், நிறம் வெளிறிப்போய். அதைத் தாண்டிப் பார்வையை நடுவே திருப்பினால் வெயிலில் ஒரே மஞ்சளும் நீலமும் பச்சையும்.

சதுரமான முற்றத்தை இரண்டு நடைபாதைகள் குறுக்காக வெட்டி நான்கு துண்டாக்குகின்றன. நான்கு துண்டிலும் எலுமிச்சை, ஆரஞ்சு. பாதைகளின் இருபக்கமும் எண்கோணத் தூண்கள், 60-க்கும் மேல். கொடிப்பந்தலைத் தாங்க எழுப்பியவை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே கல் இருக்கை. தூண், இருக்கை, இருக்கையின் முதுகு எல்லாவற்றின் மேலும் மயோலிக்கா ஓடுகள். வெள்ளைப் பளபளப்பின் மேல் கைவண்ணம் தீட்டிச் சூளையில் சுட்ட ஓடுகள்.

1739-இல் இந்த மடத்தின் தலைவியாக இருந்த இப்போலித்தா கார்மிஞ்ஞானோ இந்த வேலையைத் தொடங்கினார். வடிவமைத்தவர் தொமேனிக்கோ அந்தோனியோ வக்காரோ. ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் எல்லாம் அவரே. ஓடுகளைச் செய்தவர்கள் தொனாத்தோ மாஸாவும் ஜுசெப்பே மாஸாவும். மூன்றாண்டில், 1742-இல், வேலை முடிந்தது.

ஓடு செய்யும் முறையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தத் தோட்டம் இன்னும் விரிந்துகொடுக்கும். முதலில் களிமண் பலகையைச் சுடுவார்கள். சுட்ட ஓட்டை வெள்ளீயம் கலந்த மெருகுக் குழம்பில் முக்குவார்கள். அது காய்ந்ததும் மாவு பூசிய மாதிரி ஒரு வெண்பரப்பு கிடைக்கும். அதன் மேல்தான் ஓவியம். கோபால்ட்டிலிருந்து நீலம், செம்பிலிருந்து பச்சை, ஆன்ட்டிமனியிலிருந்து மஞ்சள், மாங்கனீஸிலிருந்து கத்தரிப்பூ நிறம். அந்த உலர்ந்த பரப்பு தூரிகை பட்ட மாத்திரத்தில் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. இழுத்த கோடு இழுத்ததுதான். பிறகு மறுபடி சூளை. அந்த இரண்டாம் சூட்டில் வெள்ளை உருகிக் கண்ணாடியாகி நிறங்களைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். 280 ஆண்டு வெயிலும் மழையும் அந்த நீலத்தைத் தொட முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஒரு தூணின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தேன். திராட்சைக் கொடி ஒன்று தூணைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஒரு குலையின் பாதி ஒரு ஓட்டில், மீதி அடுத்த ஓட்டில். இரண்டும் சேரும் இடத்தில் பழங்கள் மயிரிழை தள்ளி நிற்கின்றன; தனித்தனியே சுட்டதில் சுருங்கியது கூடக்குறைய இருந்திருக்கும். இலையின் நரம்பைப் போட்ட தூரிகை தொடக்கத்தில் தடிமனாக இறங்கி, நுனிக்கு வரும்போது நிறம் தீர்ந்து வெளுக்கிறது. ஒரே மூச்சில் இழுத்த கோடு. ஓரம் உடைந்த ஒரு ஓட்டில் மெருகுக்கு அடியில் இருக்கும் சுட்ட மண் தெரிந்தது. நாள்பட்டுக் கறுத்திருந்தாலும் மண்தான். அவ்வளவு பகட்டுக்கும் கீழே கிடப்பது மண் என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது.

கொடிகளையும் பழங்களையும் எந்த மடத்திலும் வரையலாம். இருக்கைகளின் முதுகில் இருப்பதுதான் ஆளை நிறுத்துகிறது. பைபிள் காட்சிகளைத் தேடிக்கொண்டு போனால் கிடைப்பவை வேறு. மீனவர்கள் வலை இழுக்கிறார்கள். துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் நிற்கிறது. வேட்டைக்காரர்கள் நாய்களோடு ஓடுகிறார்கள். மாட்டு வண்டி போகிறது. கிராமத்தார் கைகோத்துத் தாரந்தெல்லா நடனம் ஆடுகிறார்கள். முகமூடி போட்ட திருவிழாக் கூட்டம். ஆட்டுக்காரன், ஆற்றுப் பாலம், தூரத்து மலை. ரோமானியக் கடவுளர்கூட வந்துவிடுகிறார்கள். ஒரு மடத்தின் நடுவே 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தின் ஊர், காடு, கடல் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

இங்கிருந்து கடற்கரை அதிக தூரமில்லை. இறக்கத்தில் நடந்தால் அரை மணி ஆவதற்குள் துறைமுகம் வந்துவிடும். வார்த்தைப்பாடு கொடுக்கக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்று திரெந்து சங்கம் விதித்திருந்தது. 16 வயதில் உள்ளே நின்று வார்த்தைப்பாடு கொடுத்த பெண், 70 வயதில் செத்து அதே வளாகத்தில் அடங்கும்வரை, அரை மணி தூரத்தில் இருந்த அந்தக் கடலுக்கு இறங்கிப் போயிருக்க மாட்டாள். அவளுக்குப் பக்கத்தில் கடல் இந்த இருக்கைகளில்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சாய்ந்து உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் அலை.

படங்களில் ஒன்றே ஒன்றில்தான் கன்னியர் தங்களை வரைய விட்டிருக்கிறார்கள். மடத்து வாழ்க்கையைக் காட்டும் ஒரே காட்சி. முக்காடிட்ட ஒரு கன்னியாஸ்திரீ பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறார். ஜெபிக்கவில்லை, தரிசனம் காணவில்லை, சிலுவையைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. பூனைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மதிலைத் தாண்டி இஷ்டம்போல் போய்வரக்கூடிய ஒரே உயிர் அங்கே பூனைதான் என்பதை அந்த ஓவியர் யோசித்தாரா, கேட்டு வரைய வைத்த கன்னியர் யோசித்தார்களா என்று நினைத்துக்கொண்டே அதன் முன்னால் நின்றிருந்தேன்.

சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இருக்கைகளில் யாரும் உட்காரக் கூடாது. தூண் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் எடுத்தேன். இந்த நீலத்துக்கும் மஞ்சளுக்கும் முன்னால் யார் நின்றாலும் அழகாகத்தான் விழுவார்கள். ஆனால் இது யாருக்காகச் செய்த தோட்டம், எந்தக் குறையை நிரப்பச் செய்த தோட்டம் என்பதை ஒரு வரிகூடத் தெரிந்துகொள்ளாமல் போவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். இதை வெறும் சிறை என்று மட்டும் முடிவுகட்டுவதும் இன்னொரு அநியாயம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய இடம் இது.

யார் இந்தப் பெண்கள்? சாந்தா கியாராவில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் பிரபு குலத்தார். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் குடும்பம் பெருந்தொகை சீதனம் கொடுக்க வேண்டும். மடத்துக்கும் சீதனம் உண்டு, ஆனால் அது குறைவு. மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் ஒருத்திக்குக் கல்யாணம், மற்ற இருவருக்கும் மடம் என்று கணக்குப் போட்டு முடித்தவர்கள் ஏராளம். ஒரு பெண்ணை வற்புறுத்தி மடத்தில் தள்ளுகிறவர் சபிக்கப்பட்டவர் என்று அதே திரெந்து சங்கமே எழுதி வைத்திருந்தது. குடும்பக் கணக்கின் முன்னால் அந்தச் சாபம் எடுபடவில்லை. சித்தி இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சீதனக் கணக்கு பெண்களின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம், வெளியே கணவன் வீட்டில் இருந்திருந்தால் கிடைக்காத சில அவர்களுக்கு உள்ளே கிடைத்தன. படிப்பு, இசை, தனக்கென்று ஓர் அறை, பிரசவத்தில் சாகாத உடம்பு. தலைவியை அவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தலைவி நிலம், வாடகை, செலவு எல்லாம் பார்த்தாள். நகரத்தின் முதல்தரக் கலைஞனை அழைத்து இப்படித் தோட்டம் வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் கார்மிஞ்ஞானோவுக்கு இருந்தது. அன்றைய நேப்பிள்ஸில் எத்தனை மனைவிமாருக்கு அது இருந்திருக்கும்? உள்ளபடியே அழைப்பை உணர்ந்து, சாஞ்சாவைப்போல் ஏங்கி வந்தவர்களும் உண்டு. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.

கிளாரா கேட்டது இந்தச் செல்வத்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றையும் உடைமையாக வைத்துக்கொள்ளாமல் வாழும் உரிமைக்காகவே அவர் திருத்தந்தையரோடு வாழ்நாளெல்லாம் வாதாடினார். அவர் எழுதிய ஒழுங்குக்கு 1253 ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். ஒரு பெண் பெண்களுக்காக எழுதித் திருச்சபை ஏற்ற முதல் ஒழுங்கு அது. அவர் பெயரால் எழுந்த அரச மடத்தில் அந்த ஏழ்மைக்கு இடம் இல்லை. இந்த உறுத்தல் எனக்குத் தோட்டத்தில் நின்றபோதும் இருந்தது. அழகு அதைக் கரைத்துவிடவில்லை.

1924-இல் கிளாரா சபையாரும் பக்கத்திலிருந்த பிரான்சிஸ்கன் துறவிகளும் தங்கள் இடங்களை மாற்றிக்கொண்டார்கள். கன்னியர் துறவிகளின் பகுதிக்குப் போக, தோட்டம் துறவிகளிடம் வந்தது. அதனால்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கி நுழைய முடிகிறது. அதற்குப் பின் 19 ஆண்டில் குண்டு விழுந்தது. கோவில் எரிந்த தீயை ஒட்டினாற்போல் இருந்தும் ஓடுகளில் பெரும்பகுதி தப்பியது. 1945-இல், இடிபாடு ஆறாத நேரத்தில், இந்த மடத்தின் பெயரிலேயே ஒரு நேப்பிள்ஸ் பாட்டு வந்தது. தூர தேசத்தில் இருப்பவன், திரும்பிப் போனால் தன் ஊர் எந்தக் கோலத்தில் இருக்குமோ என்று பயந்து பாடுவது. மிக்கேலே கால்தியேரி எழுதி, அல்பெர்த்தோ பார்பெரிஸ் இசையமைத்தது. இத்தாலியில் வயதானவர்களுக்கு இன்றும் மனப்பாடம்.

தோட்டத்தை ஒட்டி ஒரு அருங்காட்சியகமும், அதற்கு வெளியே தோண்டி எடுத்த கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் குளியல் கூடமும் உண்டு. ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்துக்குள் சான் கிரெகோரியோ அர்மேனோ தெரு. கிறிஸ்துமஸ் குடில் செய்யும் தெரு. ஆண்டு முழுக்க மண் பொம்மைகளும் தக்கை மரப்பட்டையில் கட்டிய வீடுகளும் கடைக்குக் கடை அடுக்கியிருக்கும். நேப்பிள்ஸ் குடிலில் மாட்டுத்தொழுவம் ஒரு மூலைதான். மீதி இடத்தையெல்லாம் ரொட்டிக்காரனும் மீன்காரியும் கசாப்புக்கடையும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இடையில் கால்பந்து வீரர் மரதோனாவும் நிற்பார். சித்தி இங்கே நகர மறுத்துவிட்டார். எங்கள் வீட்டில் டிசம்பரில் குடில் வைக்கும் பொறுப்பு அவருடையது. முறத்தில் மீன் வைத்திருக்கும் விரல் நீளப் பெண் பொம்மை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணும் விரலும் சரியாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அந்தத் தெருவின் குறுக்கே, தலைக்கு மேல், ஒரு மணிக்கூண்டு வளைவின் மீது நிற்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் தெருவுக்குப் பெயர் கொடுத்த மடம். கீழே இருக்கும் கோவிலின் கூரையும் சுவரும் சாந்தா கியாராவுக்கு நேர்மாறு, தங்கம் வழிகிறது. லூக்கா ஜோர்தானோவின் ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. மடத்துத் தோட்டத்துக்கு வேறு வாசல், சற்று மேலே ஏறிப் போக வேண்டும். காலையில் போவது நல்லது, மதியத்தோடு மூடிவிடுவார்கள்.

படியேறி வாசலுக்கு வந்தால் சுவரில் பதித்த சுழல்பெட்டியைக் கவனியுங்கள். நிமிர்த்தி வைத்த பீப்பாய் போன்ற ஒன்று. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். வெளியே இருப்பவர் பொருளை அதில் வைத்துச் சுழற்றினால் திறந்த பக்கம் உள்ளே போகும். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது. மருந்து, காய்கறி, கடிதம் எல்லாம் இதன் வழியாகத்தான்.

தோட்டம் சாந்தா கியாராவைவிடச் சிறியது, நிழல் அதிகம். ஆரஞ்சு மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. நடுவே பளிங்கு நீரூற்று. அதன் அருகில் ஆளுயரத்தில் இரண்டு சிலைகள்: கிணற்றடியில் இயேசுவும் சமாரியப் பெண்ணும். மத்தேயோ போத்திலியேரி 1733-இல் செய்தவை. வேற்று ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யோவான் நற்செய்தியில் இயேசு ஒரு பெண்ணோடு இவ்வளவு நீளமாகப் பேசும் இடம் வேறில்லை. அப்புறம் அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். வெளியே ஓட முடியாதவர்களின் தோட்டத்துக்கு நடுவே இந்தக் காட்சியை வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் பெரிய மனம் படைத்தவர்.

இந்த மடத்தில்தான் என்ரிக்கெத்தா கராச்சொலோ இருந்தார். 1821-இல் பிறந்தவர், படைத்தளபதியின் மகள். தந்தை இறந்த பிறகு, மகளின் விருப்பத்துக்கு மாறாகத் தாய் அவரை இங்கே கொண்டுவந்து விட்டார். வெளியே விடும்படி திருத்தந்தைக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதினார். ஆண்டுகள் ஓடின. 1860 செப்டம்பர் 7 அன்று, இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்தி நேப்பிள்ஸுக்குள் நுழைந்தபோது, பேராலயத்தின் பீடத்தில் தம் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார். பிறகு திருமணம் செய்துகொண்டார். 1864-இல் அவர் எழுதிய மடத்து நினைவுகள் இத்தாலியைத் தாண்டியும் பல மொழிகளில் பரவின. 1901 வரை வாழ்ந்தார். அவருடைய கோபத்தைப் படித்தவர்களுக்கு இந்த ஆரஞ்சு மரங்களின் நிழல் வேறு மாதிரி விழும்.

இதே மடத்தில் இன்று நற்கருணை ஆராதனைச் சபைக் கன்னியர் இருக்கிறார்கள். 1922-இல் வந்தவர்கள். கடந்துபோன ஒரு சிஸ்டரைப் பார்த்ததும் சித்தி கைகூப்பி, “சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்” என்று தமிழிலேயே சொன்னார். அவரும் சிரித்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

நேப்பிள்ஸில் ஈஸ்டருக்குப் பஸ்தியேரா இல்லாத வீடு கிடையாது. வேகவைத்த கோதுமை, ரிக்கோத்தா பாற்கட்டி, முட்டை, சர்க்கரை கலந்து, ஆரஞ்சுப் பூநீர் தெளித்து, மேலே மாவுப்பட்டை வைத்துச் சுடும் பணியாரம். இதில் கைதேர்ந்தவர்கள் சான் கிரெகோரியோ அர்மேனோ கன்னியர் என்றும், இதைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான் என்றும் ஊரில் சொல்வார்கள். தோட்டத்து ஆரஞ்சுப் பூவின் மணம் அவர்களுக்கு யோசனை கொடுத்ததாம். ஈஸ்டர் நெருங்கும்போது பிரபு வீட்டு வேலைக்காரர்கள் மடத்து வாசலில் வந்து காத்திருந்து பஸ்தியேரா வாங்கிப்போவார்களாம். ஊரார் ஒருவரும் பார்த்திராத தோட்டத்தின் பூ மணத்தை ஊரே ஈஸ்டருக்குச் சாப்பிட்டது.

பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு துண்டு வாங்கினோம். கோதுமை பல்லில் லேசாக அரைபட, பூ மணம் கடைசியில் வந்தது. செய்முறை என்ன என்று சித்தி சைகையாலேயே கேட்டுவிட்டார். கடைக்காரப் பெண்ணும் சளைக்காமல் விரல்விட்டுச் சொன்னார்: கோதுமையை மூன்று நாள் ஊறவைக்க வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், பிறகு பாலில் வேகவிட வேண்டும்.

“மூணு நாளா?” என்றார் சித்தி. பையைத் திறந்து துண்டுச்சீட்டும் பேனாவும் எடுத்து, அளவைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.